உருளவள்ளியை மறந்தவருக்கு ஒரு மறுப்பு

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களையும் சட்டம் படிக்கும் நம் இளைஞர்களையும் சேர்த்து ஒரு சட்டக் கட்டுரைப் போட்டி நடத்தலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. தாங்கள் வாழும் இடத்தில் கண்ணால் காணும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத் தொடும் சட்டம் எது என்று தேடிப் படிக்க வேண்டும். அந்தச் சட்டம் எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்று காட்டி, அதை வேறு எப்படி எழுதலாம் என்று புதிதாக ஒரு வழி சொல்ல வேண்டும். யோசனை இவ்வளவுதான். இதை எதிர்த்து ஒரு நீண்ட கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் நம் சமூகத்தில் பிறந்தவர், படித்தவர், மேடைகளுக்கு மரியாதையோடு அழைக்கப்படுகிறவர். அப்படிப்பட்ட ஒருவர் தன் சொந்தச் சனத்தின் பிள்ளைகளை இவ்வளவு தாழ்வாக மதிப்பிட்டிருப்பதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்தை மறைத்துக்கொண்டு எழுத நான் விரும்பவில்லை.

அவருடைய வாதங்களை அவர் சொன்ன வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தின் பிரச்சினை சட்டப் பிரச்சினையே அல்ல, சட்டமெல்லாம் இருக்கிறது, நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை என்பது முதலாவது. கட்டுரை எழுதினால் அடுப்பு எரியாது, பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுங்கள் என்பது இரண்டாவது. சட்டத்தில் புதுமை செய்வது கொழும்பில் இருக்கும் நிபுணர்களின் வேலை, லயத்துப் பிள்ளையின் வேலை அல்ல என்பது மூன்றாவது. அப்படியே எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினால்தான் யாராவது படிப்பார்கள் என்பது அடுத்தது. கடைசியாக, சிங்கள ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற நாம் உரிமை, சட்டம் என்று எழுதத் தொடங்கினால் பழைய காயங்கள் திறக்கும் என்று ஓர் எச்சரிக்கை.

முதல் வாதம் உண்மைக்கு நேர்மாறானது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைக் கட்டுரையாளர் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். அதன் 33 ஆவது பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவிட வழியில்லாமல் வைத்திருந்தது. தோட்டத்துச் சனம் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். ஆனால் எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ அப்படித் தெரிவான உறுப்பினர், தனக்கு வாக்களித்தவரின் லயத்துக்கு முன்னால் இருக்கும் குழியை மூடச் சபை நிதியை எடுக்க முடியவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்கிய குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை என்று அவருக்கும் தெரியும். அந்த ரோட்டைத் தடுத்தது சோம்பேறி அதிகாரி ஒருவர் அல்ல. எழுதப்பட்ட ஒரு பிரிவு. 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. இடையில் முப்பத்தொரு வருடம் போனது. சட்டம் சரியாக இருக்கிறது, செயல்தான் இல்லை என்று அந்த முப்பத்தொரு வருடமும் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பிரிவைப் படிக்காதவர்கள்.

குடியுரிமைக் கதையையும் அவர் இந்த வாதத்துக்குத் துணையாக இழுத்திருப்பதால் அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைத் தொகையாகப் பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தது. அதன் பின் நடந்தது முழுக்க விண்ணப்பமும் சான்றும் காத்திருப்பும்தான். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அந்த முறையையே விட்டுவிட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியினரும் இந்நாட்டுப் பிரஜைகள் என்று சட்டமே சொல்லிவிட்டது. இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தவர் ஒரு பிரகடனம் செய்தால் போதும் என்றது. சில பிரிவுகள் மட்டுமே கொண்ட சிறிய சட்டம் அது. பாரத்தைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கிச் சட்டத்தின் தோளில் வைத்தது. நாற்பது வருடம் அலுவலகங்களால் முடியாமல் போனதை வேறு விதமாக வரைந்த ஒரு சட்டம் முடித்தது. புதுமையான தீர்வு என்று போட்டி யோசனையில் சொல்லியிருப்பது இதைத்தான். அதை வெறும் அலங்காரச் சொல் என்று தள்ளுகிறவர், தன் கையில் இருக்கும் அடையாள அட்டை எந்த வழியால் வந்தது என்பதையே அறியாமல் பேசுகிறார்.

இன்றைக்கும் அப்படி ஒரு பிரிவு நம் தலைக்கு மேல் இருக்கிறது. 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. மண் அரசினுடையதாகவே இருக்கிறது. ஆகவே லயத்துக் காம்பராவிலிருந்து ஒரு குடும்பத்தை எழுப்ப 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தை எடுக்க முடிகிறது. தெரணியகலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் அப்படி வந்த வெளியேறல் அறிவித்தலைப் பார்த்தேன். சாமிப் படத்துக்குப் பின்னால் நான்காக மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். முழுவதும் சிங்களம். அந்த அம்மா அதைத் தோட்டத்துத் தலைவரிடம் காட்டியிருக்கிறார். தலைவர் கடை முதலாளியிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். முதலாளி வாசித்துவிட்டு, வீட்டை விடச் சொல்லுது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "எப்பன்னு போட்டிருக்கா தம்பி, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் நீட்டினார். அவருடைய மாமியார் காலத்திலிருந்து அதே காம்பரா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் வெட்டியவர். குடும்பத்தில் இப்போது தோட்டத்தில் பேர் போடுகிறவர் யாரும் இல்லை என்பதுதான் காரணமாம்.

நீதவானுக்கு முன்னால் அந்த அம்மா என்ன சொல்லலாம்? அந்தச் சட்டத்தின் 9 ஆவது பிரிவு ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல விடுகிறது. ஏதாவதொரு எழுத்துச் சட்டத்தின்படி அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ தன்னிடம் இருப்பதாகக் காட்டலாம். விண்ணப்பத்தில் சொல்லப்பட்ட வேறெதையும் எதிர்க்க உரிமை இல்லை. நான்கு தலைமுறை இங்கேதான் இருந்தோம் என்று சொல்ல முடியாது. மாமனார் இந்த மலையில்தான் புதைக்கப்பட்டார் என்று சொல்ல முடியாது. லயத்தில் குடியேற்றப்பட்ட யாருக்கு எந்தக் காலத்தில் எழுத்தில் அனுமதி தந்தார்கள்? கங்காணி கை காட்டிய காம்பராவில் பாயை விரித்தவர்கள் நம் ஆட்கள். இந்தச் சட்டம் நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பதல்ல பிரச்சினை. எழுதியபடியே, ஒரு குறையும் இல்லாமல் நடைமுறைப்படுத்தப்படுகிறது. கட்டுரையாளரின் முதல் வாதம் இந்த இடத்தில் நொறுங்கிப் போகிறது.

அடுப்பு எரியாது என்கிறார். வயிற்றைக் காட்டிப் பேசினால் எதிரில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வரி அது. சரி, அடுப்பைப் பற்றியே பேசுவோம். 2021 இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் எப்படி வந்தது? சம்பளச் சபைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானியால். கம்பனிகள் என்ன செய்தன? நீதிமன்றத்துக்கு மனு எழுதின. 2024 மே மாதத்தில் ஆயிரத்து எழுநூறு என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மீண்டும் எழுதின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று புது வர்த்தமானி வந்தது. ஆயிரத்து எழுநூறுக்கும் ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கும் நடுவே இருக்கும் முந்நூற்றைம்பது ரூபாய், ஒரு நாளைக்கு, ஒரு பேருக்கு, வழக்கும் எழுத்தும் மோதிய இடத்தில் நம் கையை விட்டுப் போனது. மூளையும் பணமும் வைத்து அவர்கள் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் எழுதத் தேவையில்லை என்று நம்மவரே சொல்கிறார். கம்பனிகளுக்கு இதைவிட வசதியான அறிவுரையை அவர்களுடைய சட்டத்தரணிகள்கூட எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருக்கிறாரா கட்டுரையாளர்? அந்தி நிறுவையில் தராசு ஒரு கணக்கைக் காட்டும், புத்தகத்தில் வேறொரு கணக்கு விழும். சாக்குக்கு என்று ஒன்றைக் கழிப்பார்கள். மழை நாளென்றால் தண்ணிக்கு என்று இன்னும் கழிப்பார்கள். கழித்த பிறகு தோட்டம் கேட்ட கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அரைப்பேர். முழு நாள் மழையில் நின்று, அட்டைக் கடியோடு, பாதிச் சம்பளம். இந்தக் கிலோவைத் தோட்டத்துக்குத் தோட்டம் நிர்வாகமே வைக்கிறது. ஆயிரம் ரூபாய் வந்த கையோடு பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது எல்லோரும் அறிந்தது. வர்த்தமானி நாட்சம்பளத்தைச் சொல்லிவிட்டது. எத்தனை கிலோ எடுத்தால் அது ஒரு நாள் என்ற முடிவு நிர்வாகத்தின் கையில் கிடக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் சொன்ன ஒன்றை, அளவை மாற்றுவதால் பாதியாக்க முடியுமா? கழிவுக்கு எழுத்தில் ரசீது கேட்க ஏற்பாடு செய்ய முடியாதா? நிறுவை எடைகளைச் சரிபார்க்கும் அதிகாரிகள் தோட்டத்துத் தராசையும் தொழிலாளிக்கு முன்னாலேயே பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினால் என்ன? காவத்தையிலிருந்து ஒரு பிள்ளை இதை நான்கு பக்கத்தில் எழுதி, எந்தக் கட்டளைச் சட்டத்தின் எந்த இடத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கலாம் என்று காட்டினால், அதன் அம்மாவின் அடுப்புக்கு நேராகத்தான் அந்த எழுத்து போகிறது.

தொழிற்பயிற்சியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயரிங் படிக்கட்டும், தையல் படிக்கட்டும், வாகனம் திருத்தட்டும். ஆனால் சட்டம் படிக்காதே, இதைப் படி என்று ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறக்கிறவரின் மனதில் என்ன இருக்கிறது? வெள்ளைக்காரத் துரைக்குத் தேவைப்பட்டது கையும் காலும் மட்டுமே. தோட்டப் பள்ளிக்கூடம் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றதும் அந்தக் கணக்கில்தான். அதே கணக்கைப் புதுப் பெயரில் நம்மவர் ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

மூன்றாவது வாதத்தில்தான் அவருடைய அறியாமை முழுதாகத் தெரிகிறது. சட்டத்தில் புதிய பாதை வெட்டுவது லயத்துக்காரனுக்கு எட்டாத வேலையாம். கேகாலை மாவட்டத்துக்காரர் இதை எழுதுவது வெட்கம்.

1946. உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டம். மலையக வரலாற்றில் உருளவள்ளிப் போராட்டம் என்று பேசப்படுவது இந்தத் தோட்டத்தில் நடந்ததுதான். கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு அந்தத் தோட்டத்தைச் சுவீகரித்தது. காலகாலமாக அங்கே உழைத்த தொழிலாளர்களை லயத்தை விட்டு வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தம் செய்தது. தொழிலாளர்கள் மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. தான் குடியிருந்த காம்பராவில் தொடர்ந்து குடியிருந்ததற்காக ஒரு தொழிலாளி குற்றவாளி. அந்த வழக்கு இலங்கையின் உயர் நீதிமன்றத்தில் தொழிலாளி பக்கம் சாய்ந்தது. முடியரசு விடவில்லை, இலண்டன் கோமறைக் கழகம் வரைக்கும் கொண்டு போனது. 1950 இல் அங்கேயும் முடியரசு தோற்றது. தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாக நம்பி ஓர் இடத்தில் இருப்பவர், அதனால் வேறொருவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தாலும், அந்த எரிச்சலை உண்டாக்குவதே அவருடைய பிரதான நோக்கமாக இல்லாதவரை குற்றவாளி அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். அரசர் எதிர் செல்வநாயகம் என்ற பெயரில் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் பின்னர் ஒரு பஞ்சாப் வழக்கில் அத்துமீறலின் இலக்கணத்தைத் தீர்மானிக்கும்போது இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. பஞ்சாப்பில் ஒரு நிலத்தகராறு தீர, கேகாலையில் ஒரு லயத்துக் காம்பரா வழிகாட்டியிருக்கிறது. இதற்கு மேல் என்ன புதுமை வேண்டும்?

அதே மாவட்டத்தில், அதே காலத்தில், இன்னொரு வழக்கு. ருவன்வெல்லத் தேர்தல் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார் கோடகன் பிள்ளை. பிரஜையாக இருந்தால்தான் வாக்கு என்று 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் புதிதாகச் சொல்லியிருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதுச் சட்டம் செல்லாது என்று முதலில் சொன்னவர் நீதியரசர் யாரும் அல்ல. பட்டியலைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம். 1951 இல் உயர் நீதிமன்றமும் 1953 இல் கோமறைக் கழகமும் அதை ஏற்கவில்லை. வழக்கு தோற்றது. தோற்றதைத்தான் கட்டுரையாளர் சுட்டிக்காட்டுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இலங்கை அரசியலமைப்பைப் படிக்கும் எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது. சட்டத்தின் சொற்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும்போது அது ஒரு சமூகத்தின் தலையில் மட்டும் விழுவதை எப்படி அளப்பது என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அதை எடுத்து எழுத வேண்டிய பிள்ளைகள் ருவன்வெல்லையிலும் புலத்கொஹுபிட்டியவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு வழக்கு தங்கள் ஊரிலிருந்து போனதே தெரியாது. தெரியாமல் வைத்தவர்கள் நாம்.

நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிபுணருக்குத் தெரியாதது உண்டு. லயத்துக்கு இலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது, முகவரி என்றால் தோட்டத்தின் பெயர்தான். கடிதம் தோட்ட ஆபிசுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறிக் காம்பராவுக்கு வரும், சில சமயம் வராது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கிடைத்த பிள்ளையும், நீதிமன்ற அழைப்பாணை கிடைக்காமல் பிடியாணையில் மாட்டிய தகப்பனும் நம் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் இருக்கும் நிர்வாகத்தின் ஆபிஸ் வழியாகவே தொழிலாளிக்குச் சட்டக் கடிதம் போவது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது கொழும்பு ஹல்ஸ்டொப்பில் இருக்கும் நிபுணருக்குத் தோன்றாது. அது அவருக்கு நடந்ததில்லை. மேல் டிவிசனிலிருந்து தினமும் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு அது முதல் வரியிலேயே தோன்றும்.

எழுத்தால் சட்டம் மாறாது என்று யாராவது சொன்னால் அதுவும் வரலாறு தெரியாத பேச்சு. மகாராஷ்டிராவில் பொலிஸ் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி வன்புணர்வு செய்யப்பட்ட வழக்கில் பொலிஸ்காரர்களை இந்திய உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உபேந்திர பக்சி, லொத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979 இல் பிரதம நீதியரசருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். தீர்ப்பு எந்த இடத்தில் தவறியது என்று வரிக்கு வரி காட்டினார்கள். அந்தக் கடிதம் ஊர் ஊராகப் போனது, பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983 இல் சட்டம் திருத்தப்பட்டது. நான்கு பேர் உட்கார்ந்து எழுதியதுதான் தொடக்கம்.

ஆங்கில வாதத்துக்கு நாட்டின் பாராளுமன்றமே பதில் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் ஆங்கிலத்தில் மட்டும் என்று 2020 டிசம்பரில் ஒரு வர்த்தமானி வந்தது. கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் ஹல்ஸ்டொப்பின் வாசலைத் தாண்ட முடியாமல் செய்திருக்கும் அது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. கட்சி பேதமில்லாமல் நிராகரிக்கப்பட்ட ஒன்றை, நம் பிள்ளைகளின் கழுத்தில் நாமே மாட்ட வேண்டும் என்கிறார் இவர். தமிழில் சட்டம் எழுத முடியாது என்பதற்கு அவரிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1862 இலேயே சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து பார்த்தவர், பிறகு தொழிலாளிக்குச் சட்டத்தை எளிய தமிழில் அச்சடித்துக் கொடுத்தவர். சட்டக் கல்லூரியின் தமிழ் மன்றம் நீதிமுரசை வெளியிட்டு வருகிறது. அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை, இரத்தினபுரி நீதிமன்றத்திலும் ஒருவர் தமிழில் மனுப் போடலாம், மொழிபெயர்ப்புக் கேட்கலாம் என்கிறது. நடைமுறையில் பொலிசில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நம் ஆட்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். தமிழில் சட்டம் பேசவும் எழுதவும் தெரிந்த ஒரு தலைமுறை எழுந்தால்தான் அந்தக் கை ஒரு நிமிடம் தயங்கி, வாசித்துக் காட்டுங்க சேர் என்று கேட்கும். ஆங்கிலமும் படிக்கட்டும். ஆங்கிலம் வரும்வரை வாயை மூடிக்கொண்டிரு என்பது வேறு.

கடைசி வாதத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோதுதான் என் கை நடுங்கியது. பழைய காயங்களைச் சொல்கிறார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. 1977 இலும் 1983 இலும் எரிந்தன. உடுத்த துணியோடு கொட்டகைக்கும் கோயிலுக்கும் காட்டுக்கும் ஓடியவர்கள், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்த் திரும்பாதவர்கள், எல்லோருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள். கட்டுரையாளரிடம் ஒன்று கேட்கிறேன். 1981 இல் நம் சனம் என்ன எழுதியிருந்தது? எந்த உரிமையைக் கேட்டிருந்தது? பலருக்கு வாக்குக்கூட இருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், கொழுந்தும் பாலும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் எரித்தார்கள். மௌனம் நம்மைக் காப்பாற்றவில்லை. இறந்தவர்களின் பெயரைச் சொல்லி இருப்பவர்களை ஊமையாக்குவது அந்த இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சிங்கள அயலவர்கள் இதை எதிர்ப்பார்கள் என்று அவர் எப்படி முடிவு செய்தார்? அரச காணிச் சட்டத்தின் 9 ஆவது பிரிவு தமிழரை மட்டும் எழுப்பவில்லை. அரச காணியில் பத்திரமில்லாமல் குடியிருக்கும் எத்தனையோ சிங்களக் குடும்பங்களையும் அதே பிரிவுதான் எழுப்புகிறது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்து சிங்கள ஊர்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அபாய வலயம் என்று அடையாளமிட்ட வீட்டிலிருந்து எழுந்து போகச் சொன்னால், எங்கே போவது, யார் காணி தருவது, எத்தனை நாளைக்குள் தருவது என்ற கேள்வி இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ஆகவே போட்டியை இரண்டு மொழியிலும் நடத்துவோம். நிவித்திகலையின் ஒரு சிங்களப் பிள்ளையும் பலாங்கொடையின் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரே பிரிவைப் பற்றி எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவோம். பயத்தை வைத்து அயலுறவு வளர்க்க முடியாது.

ஓர் இடத்தில் மட்டும் அவர் சொல்வது சரி. நம் பக்கத்துப் போட்டிகள் பெரும்பாலும் சான்றிதழோடும் பொன்னாடையோடும் குழுப் படத்தோடும் முடிந்துவிடுகின்றன. யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் கிடக்கும் கட்டுரைகளைக் கறையான் தின்கிறது. இந்தப் போட்டி அப்படிப் போகக்கூடாது. அதற்கு வழி போட்டியை நிறுத்துவதல்ல, ஒழுங்காக நடத்துவது. ஒவ்வொரு கட்டுரையும் கடைசியில் ஒரு பக்கத்தில் திருத்தச் சட்ட வரைவு ஒன்றைத் தாங்கியிருக்க வேண்டும்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தச் சொற்கள் போக வேண்டும், எந்தச் சொற்கள் வர வேண்டும். எழுதுவதற்கு முன் பிள்ளைகள் ஒரு நாள் நீதவான் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஒரு நாள் தொழில் திணைக்களத்தில். நடுவர்களில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்ட தொழிலாளியாக இருக்க வேண்டும். எழுதியது உண்மையா என்று அவருக்குத்தான் தெரியும். தேர்வாகும் வரைவுகள் சட்ட ஆணைக்குழுவுக்கும் இரத்தினபுரி, கேகாலைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் பதிவுத் தபாலில் போக வேண்டும். வந்த பதிலும் வராத பதிலும் அடுத்த வருடப் புத்தகத்தில் அச்சாக வேண்டும்.

முதல் வருடத்துக்கு நான் முன்மொழியும் தலைப்பு அந்த 9 ஆவது பிரிவுதான். தலைமுறையாகக் குடியிருந்ததையும் அந்தத் தோட்டத்திலேயே உழைத்ததையும் நீதவான் கணக்கில் எடுக்கும்படி அதில் என்ன வாசகம் சேர்க்கலாம், ஏமாற்றி நுழைகிறவர் அதைப் பயன்படுத்தாமல் எப்படிக் காவல் வைக்கலாம் என்று பிள்ளைகள் எழுதிக் காட்டட்டும். அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் செல்வநாயகம் வழக்கின் தமிழ்ச் சுருக்கத்தையும் இரண்டு மாவட்டங்களின் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் அனுப்பி வைக்கும் செலவை நானும் சில நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம். சிங்களப் பாடசாலைகளுக்கான பிரதிகளை அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். கட்டுரையாளர் விரும்பினால் அந்தச் செலவை அவர் ஏற்கலாம்.